சமையலறை நேரத்தை வைத்து பொலோன்யாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

இத்தாலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று ஊர்களுக்கே நாள்களை ஒதுக்கிவிட்டு, பொலோன்யாவை ரயில் மாறும் நிலையமாக மட்டும் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். புளோரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் வந்து இறங்கிவிடலாம். 1088-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட பல்கலைக்கழகமும், கிலோமீட்டர் கணக்கில் நீளும் தூண் தாழ்வாரங்களும், இத்தாலியர்களே சாப்பிடுவதற்கென்று தேடி வரும் உணவகங்களும் இந்த ஊரில் உள்ளன. இதற்குக் குறைந்தது இரண்டு முழு நாள்களாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல், சாப்பிட வேண்டிய உணவுகளுக்கு வேறொரு பட்டியல் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு வந்தால் இந்த ஊர் கைகொடுக்காது. நல்ல உணவகங்களின் சமையலறை மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரை மணியளவில் மூடிவிடும். மறுபடி இரவு ஏழரைக்குத்தான் அடுப்பு பற்றவைக்கப்படும். தேவாலயங்களில் பலவும் மதியம் சாத்தியிருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் காலையில் தாமதமாகக் கிளம்பி, வழியில் கண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே போகிறவர், மூன்றரை மணிக்குப் பசியோடு இழுத்து மூடிய கதவின் முன் நிற்பார். அந்த நேரத்திலும் திறந்திருக்கும் கடைகள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடப்பவை. அங்கே சூடுபடுத்திய பாஸ்தாவுக்கு நல்ல உணவகத்தின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மதியமும் இரவும் எங்கே, எத்தனை மணிக்கு உட்காரப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பார்க்கும் இடங்களை அவற்றுக்கு இடையில் பொருத்திக்கொள்வதே சரியான முறை.

காலையும் பெரிய சதுக்கமும்

காலை உணவை விடுதியில் முடித்துக்கொள்ளாமல், தெருமுனையில் உள்ள ஒரு பாருக்குப் போங்கள். இத்தாலியில் பார் என்பது முதன்மையாகக் காப்பி குடிக்கும் இடம்; காலையில் அலுவலகம் போகிறவர்கள் கல் மேடையோரம் நின்றபடியே ஒரு காப்புச்சீனோவும், கொர்னெத்தோ என்னும் பிறை வடிவ ரொட்டி ஒன்றும் முடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறுவதை அங்கே பார்க்கலாம். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொன்னால் வேறு விலை என்பது பல இடங்களில் நடைமுறை. விலைப்பட்டியல் மாட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். ரயில் நிலையம் போன்ற கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டுதான் காப்பி கேட்க வேண்டும். சிறிய பார்களில் குடித்து முடித்தபின் கொடுப்பதே வழக்கம். பால் கலந்த காப்பியைக் காலையோடு நிறுத்திக்கொள்வது அவர்கள் பழக்கம். மதிய உணவுக்குப் பிறகு நீங்கள் கேட்டாலும் மறுக்கமாட்டார்கள், சற்று வியப்பார்கள், அவ்வளவே.

காலை ஒன்பது மணிக்குள் பியாட்ஸா மஜ்ஜோரே என்னும் பெரிய சதுக்கத்துக்கு வந்துவிடுவது நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் அதன் பரப்பு முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும். தெற்குப் பக்கம் முழுவதையும் அடைத்து நிற்பது சான் பெத்ரோனியோ தேவாலயம். 1390-இல் கட்டத் தொடங்கியும் அதன் முகப்பு இன்றுவரை முடியவில்லை: கீழ்ப்பாதியில் வெள்ளையும் சிவப்புமாகப் பளிங்கு, மேற்பாதியில் வெறும் செங்கல். 132 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்துக்குள் நுழைந்தபின் பலரும் மேலே பார்த்துக்கொண்டே நடந்து, காலடியில் இருக்கும் அற்புதத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இடப்பக்கத் தரையில் பதிந்திருக்கும் நீண்ட உலோகக் கோடுதான் அது. வானியலாளர் ஜோவான்னி டொமெனிக்கோ காசினி 1655-இல் அமைத்த நண்பகல் கோடு அது, நீளம் 66.8 மீட்டர். கூரையில் சுமார் 27 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிறு துளை வழியாக உள்ளே விழும் கதிரவனின் ஒளிவட்டம், சூரியன் உச்சியைத் தொடும் கணத்தில் இந்தக் கோட்டைக் கடந்து போகும். கோடையில் அந்த வட்டம் துளைக்கு அருகில் சிறியதாக விழும். குளிர்காலத்தில் தொலைவுக்கு நகர்ந்து நீள்வட்டமாகப் பெரிதாகிவிடும். இதைக் காண விரும்புகிறவர் ஒரு சிறு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொலோன்யாவின் உண்மையான நண்பகலும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் பெரும்பாலும் ஒன்றல்ல. குளிர்கால நேரக் கணக்கில் அது பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் வரும். கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடை மாதங்களில் ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு வரும். கோடையில் போகிறவர்கள் தேவாலயம் மதியம் எப்போது சாத்தப்படும் என்பதை வாசலில் பார்த்துக்கொண்டு, மதிய உணவு மேசையை ஒன்றரை மணிக்குச் சொல்லிவைக்கலாம். வெயில் தெளிவாக அடிக்கும் நாளில் அந்த ஒளிவட்டம் கல்லின் மேல் மெல்ல ஊர்ந்து கோட்டைத் தொடும் காட்சிக்காக உணவைக் கால் மணி நேரம் தள்ளிப்போடலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இத்தாலியத் தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கோடையில் ஒரு மெல்லிய சால்வையைப் பையில் வைத்திருந்தால் போதும். சான் பெத்ரோனியோவின் வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், பெரிய முதுகுப்பையுடன் உள்ளே விடமாட்டார்கள். பெட்டிகளை விடுதியிலோ நிலையத்திலோ வைத்துவிட்டு வருவது நல்லது.

சதுக்கத்தின் வடமேற்கு மூலையில் ஜாம்பொலோன்யா வடித்த நெப்டியூன் நீரூற்று நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் சிலையின் கையில் உள்ள திரிசூலத்தைத்தான் இந்த ஊரில் பிறந்த மசெராட்டி கார் நிறுவனம் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. அதன் அருகிலுள்ள சாலா போர்சா, பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தில் இயங்கும் பொது நூலகம். உள்ளே கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானியர் கால நகரத்தின் எச்சங்கள் தெரியும், கட்டணம் இல்லை. சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் பொதெஸ்தா அரண்மனையின் கீழ் ஒரு வளைவு மண்டபம் உண்டு. அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெதுவாகப் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் சுவரோடு காதை ஒட்டி நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த இடத்தை விட்டு நகர்வதே கடினம்.

இங்கிருந்து இரண்டு நிமிட நடையில் ஆர்க்கிஜின்னாசியோ. 1563-இல் கட்டி முடிக்கப்பட்டு 1803 வரை பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாக இருந்த கட்டடம் இது. இப்போது நகரின் பெரிய நூலகம். முற்றத்திலும் மாடிப்படியிலும் பழைய மாணவர்களின் குலச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் சுவர் முழுக்க நிறைந்திருக்கின்றன. சிறு கட்டணம் செலுத்தி மேலே உள்ள உடற்கூறு அரங்கைக் கட்டாயம் பாருங்கள். 1637-இல் மரத்தாலேயே இழைத்த கூடம் அது. நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, சுற்றிலும் மாணவர்களுக்கான படிவரிசைகள். ஆசிரியரின் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தைத் தாங்கி நிற்பவை தோலுரித்த இரண்டு மனித உருவங்கள், தசைநார் ஒவ்வொன்றும் தெரியும்படி மரத்தில் செதுக்கியவை. 1944 ஜனவரி 29 அன்று விழுந்த குண்டில் இந்த அரங்கு நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து மீண்டும் கட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தச் செதுக்கல்களின் அருமை இன்னும் கூடும்.

சாப்பாட்டுக்கு முன் சந்தை

பதினொன்றரை மணியளவில் சதுக்கத்தின் கிழக்கே உள்ள குவாட்ரிலாத்தெரோ பகுதிக்குள் நுழையுங்கள். இடைக்காலத்திலிருந்தே வணிகர்களும் கைவினைஞர்களும் நிறைந்திருந்த குறுகிய தெருக்களின் வலை இது. மீன் கடைக்குப் பக்கத்தில் பழக்கடை, அதற்கு அடுத்து கூரையிலிருந்து பன்றித் தொடைகள் தொங்கும் இறைச்சிக் கடை, சக்கரம் சக்கரமாகப் பாலாடைக்கட்டி அடுக்கிய கடை என்று தெரு முழுவதும் உணவு. கடைக்காரர்கள் வேலையில் இருக்கும் நேரம் என்பதால், வழியை மறைக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். பழங்களை நீங்களாகக் கையால் தொடாமல் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதே அங்கே மரியாதை.

புதிய பாஸ்தா விற்கும் கடைகள் சிலவற்றில் கண்ணாடிக்குப் பின்னால் பெண்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். ஸ்ஃபோலீனா என்று ஊரார் மதிப்போடு அழைக்கும் இவர்கள், மாவையும் முட்டையையும் மட்டும் பிசைந்து, கையளவைவிட நீண்ட உருட்டுக்கட்டையால் மேசை அகலத்துக்கு விரித்துக்கொண்டே போவார்கள். விரிந்த தாளைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் உள்ள வெளிச்சம் மங்கலாக ஊடுருவி வரும். பிறகு அதைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டாணி அளவு பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, சுட்டுவிரல் நுனியைச் சுற்றி வளைத்து இரண்டு முனைகளையும் அழுத்தி விடுவார்கள். ஒரு தொர்தெல்லீனி செய்ய அவர்களுக்குச் சில நொடிகள்தான் ஆகும். இந்த வேலையை ஒரு முறை நின்று பார்த்துவிட்டு மேசையில் உட்காருகிறவர், தட்டில் வருவதன் விலையைப் பற்றிக் குறைசொல்லமாட்டார்.

இதே தெருக்களுக்குள், வியா கிளவத்தூரேயில், சாந்தா மரியா தெல்லா வீட்டா என்னும் சிறிய தேவாலயம் ஒளிந்திருக்கிறது. உள்ளே பதினைந்தாம் நூற்றாண்டுச் சிற்பி நிக்கோலோ தெல்லார்க்கா சுடுமண்ணில் செய்த ஒரு கூட்டம்: சிலுவையிலிருந்து இறக்கிய கிறிஸ்துவின் உடல் தரையில் கிடக்க, சுற்றி ஆளுயர உருவங்கள் நின்று அழுகின்றன. வலக்கோடியில் மகதலேனா மரியாள் ஓடிவந்த வேகத்தில் ஆடை பின்னால் பறக்க, வாய் பிளந்து கதறுகிறாள். நெற்றிச் சுருக்கம், பல்வரிசை, இறுகிய கழுத்து நரம்பு ஆகியவற்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பொலோன்யாவில் ஒரே ஒரு கலைப்படைப்பைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், என் தேர்வு இதுதான். நுழைவுக் கட்டணம் உண்டு. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

எந்த உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. வாசலில் ஒருவர் நின்று உள்ளே வரும்படி அழைத்துக்கொண்டிருந்தால், உணவின் புகைப்படங்களை ஒட்டிய பல மொழிப் பட்டியல் வெளியே நின்றால், மாலை நான்கு மணிக்கும் முழு உணவு கிடைக்கும் என்று எழுதியிருந்தால், அந்த வாசலைக் கடந்து போங்கள். ஒரே தாளில் அடங்கிய, பருவத்துக்கேற்ப மாறும் சிறிய பட்டியல்தான் நல்ல அறிகுறி. வெள்ளி, சனி இரவுகளுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் முன்பதிவு இல்லாமல் போகக்கூடாது. சிறிய உணவகங்களில் பத்துப் பதினைந்து மேசைகளே இருக்கும் என்பதால், ஒரு நாள் முன்பு நேரில் எட்டிப் பார்த்து, எத்தனை பேர், எத்தனை மணி என்று சொல்லிவிட்டு வந்தாலும் போதும். சொன்ன நேரத்துக்குப் போவதும், போக முடியாவிட்டால் தெரிவிப்பதும் மிக முக்கியம். அந்த ஒரு மேசை அவர்களுக்கு ஒரு வேளை வருமானம்.

உள்ளே போனதும் வெறுமையாக இருக்கும் மேசையில் நீங்களாக உட்கார்ந்துவிடாமல், அவர்கள் காட்டும் வரை வாசலருகே காத்திருங்கள். உணவுப் பட்டியல் ஐந்து பகுதிகளாக இருக்கும். அந்திபாஸ்தோ என்பது தொடக்கத்தில் கொறிப்பது. ப்ரீமோ என்பது பாஸ்தா, சூப் போன்றவை. செகோந்தோ என்பது இறைச்சி அல்லது மீன். கொந்தோர்னோ என்பது அதோடு தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய காய்கறி. தோல்ச்சே என்பது இனிப்பு. ஐந்தையும் கேட்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு ப்ரீமோவும் ஒரு கொந்தோர்னோவும் மட்டும் சாப்பிட்டு எழுவது முற்றிலும் இயல்பானது. அந்திபாஸ்தோவைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தட்டுப் பாஸ்தாவைப் பங்கிட்டுக்கொள்வதைச் சிறிய உணவகங்கள் விரும்புவதில்லை. ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு தட்டாவது கேட்பதே நியாயம்.

தண்ணீர் பெரும்பாலும் பாட்டிலில் வரும், விலையும் உண்டு. வாயு கலக்காதது வேண்டுமென்றால் நத்துராலே என்றும், கலந்தது வேண்டுமென்றால் ஃப்ரிட்ஸாந்தே என்றும் சொல்லுங்கள். பில்லில் கோப்பெர்த்தோ என்ற பெயரில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருப்பதைக் கண்டு பலர் ஏமாற்றப்பட்டதாக நினைத்து வாக்குவாதம் செய்கிறார்கள். அது மேசைக்கும் ரொட்டிக்குமான முறையான கட்டணம், பட்டியலின் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, பரிமாறியவர் மனம் குளிரக் கவனித்துக்கொண்டார் என்றால் சில யூரோவை மேசையில் வைத்துவிட்டு வரலாம். நீங்களாகக் கேட்கும் வரை பில் வராது. சாப்பிட்டு முடித்தவரை எழுப்பிவிடக்கூடாது என்ற மரியாதையால்தான் அவர்கள் கொண்டுவருவதில்லை. அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாமல், "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" என்று கேட்டால் உடனே கொடுப்பார்கள்.

இனி, என்ன சாப்பிடுவது. உலகமெங்கும் பொலோன்யாவின் பெயரைச் சொல்லி விற்கும் இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெத்தி இந்த ஊரின் மரபில் இல்லாத உணவு. இங்கே ரகூ என்னும் அந்தக் குழம்பு, முட்டை சேர்த்துப் பிசைந்த பட்டையான தல்யத்தெல்லேயோடுதான் வரும். கையால் விரித்த அந்தப் பாஸ்தாவின் சொரசொரப்பான பரப்பில் குழம்பு பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பான ஸ்பகெத்தியிலோ அது நழுவித் தட்டின் அடியில் தேங்கிவிடும். இந்த விஷயத்தில் ஊராருக்கு உள்ள அக்கறை சாதாரணமானதல்ல: வெந்த தல்யத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் நகரின் வணிகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். 1982-இல் ரகூவின் செய்முறையையும் அங்கேயே பதிவு செய்தார்கள். மாட்டிறைச்சி, பன்றி வயிற்றுக் கொழுப்பு, வெங்காயம், கேரட், செலரி, சிறிது தக்காளி, ஒயின், பால் ஆகியவற்றை மெல்லிய தீயில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட குழம்பு அது. தக்காளிச் சிவப்பு இல்லாமல் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். தொர்தெல்லீனியை இறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டுப் பரிமாறுவதே மரபு. பன்றி இறைச்சி, மொர்தடெல்லா என்னும் பன்றித் தொத்திறைச்சி, பார்மிஜானோ பாலாடைக்கட்டி, ஜாதிக்காய் சேர்ந்த பூரணத்தின் மணம் அந்தச் சூடான சாற்றில்தான் முழுமையாக எழும். குளிர்காலத்தில் போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

சைவ உணவுக்காரர்கள் இந்த ஊரில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தொர்தெல்லோனி என்று பட்டியலில் பார்த்தால், அது மேலே சொன்ன தொர்தெல்லீனியின் பெரிய வடிவம். உள்ளே ரிக்கோட்டா பாலாடையும் பார்ஸ்லியும் இருக்கும். வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்து வரும் தட்டை நான் முழுமனத்தோடு பரிந்துரைப்பேன். பெயரில் ஓரெழுத்து மாறினாலே இறைச்சி வந்துவிடும் என்பதால், பட்டியலில் விரல் வைத்துக் காட்டி, "சென்ட்ஸா கார்னே?" என்று, அதாவது இறைச்சி இல்லாததுதானா என்று, உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் சிக்கல். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கிறார்கள். புதிய பாஸ்தாவில் முட்டை உண்டு. எண்ணெயில் பொரித்தது போலத் தோன்றும் கிரெஷெந்தீனே என்னும் ரொட்டியையும், வெங்காயமும் தக்காளியும் மட்டுமே இருப்பதாகத் தோன்றும் ஃப்ரிஜ்ஜோனேயையும் மரபு முறையில் பன்றிக் கொழுப்பில்தான் செய்வார்கள். முட்டையும் தவிர்ப்பவர்கள், நகர மையத்தில் உள்ள மெர்காத்தோ தெல்லே எர்பே என்னும் மூடிய சந்தைக்குப் போனால் காய்கறி, பழம், ரொட்டி, உடனே உண்ணும் உணவுகள் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்கள் ரகூ இருக்கும் லசான்யாவையும் சேர்த்துத் தவிர்க்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உட்கார்ந்து சாப்பிட மனமில்லாத நாளுக்கு இன்னொரு வழி உண்டு. குவாட்ரிலாத்தெரோவின் ஒரு சந்தில் இருக்கும் ஓஸ்தெரியா தெல் சோலே, 1465-ஆம் ஆண்டிலிருந்து நடப்பதாகச் சொல்லப்படும் மதுக்கடை. அங்கே உணவு விற்பதில்லை. பக்கத்துக் கடைகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டு போய், பானம் மட்டும் அவர்களிடம் வாங்கி நீண்ட மர மேசைகளில் ஊராரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.

அடுப்பு அணைந்திருக்கும் நேரம்

இரண்டரை மணிக்கு வெளியே வரும்போது வயிறும் வெயிலும் கனமாக இருக்கும். அப்போதுதான் தாழ்வாரங்கள் துணைக்கு வருகின்றன. நகரம் முழுவதும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் நீளும் இந்தத் தூண் நடைவழிகளை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல்கலைக்கழகத்தால் மக்கள் பெருகியபோது வீடுகளின் மேல்மாடிகளைத் தெருவுக்கு மேலே நீட்டிக் கட்டினார்கள். நீட்டியதைத் தாங்கத் தூண்கள் வந்தன. கீழே கிடைத்த நிழல் வழி அனைவருக்கும் பொதுவானது. 1288-இல் புதிய வீடுகள் தாழ்வாரத்தோடுதான் கட்டப்பட வேண்டும் என்று நகர ஆட்சி விதித்தது, குதிரையில் வருபவரும் தலை இடிக்காமல் போகும் உயரம் வேண்டும் என்றும் கேட்டது. மரத்தூண்கள் எப்படி இருந்தன என்று பார்க்க, ஸ்ட்ராடா மஜ்ஜோரேயில் உள்ள இசொலானி வீட்டின் முன் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்பது மீட்டர் உயரமுள்ள ஓக் மரக் கால்கள் இன்னும் அந்த வீட்டைச் சுமக்கின்றன.

அதே வழியில் இரண்டு கோபுரங்கள் எதிர்ப்படும். 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லியின் 498 படிகளை ஏறுவது முன்பு எல்லோருடைய பட்டியலிலும் இருந்தது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தாவின் நிலை கவலைக்கிடமானதால் 2023 அக்டோபரில் சுற்றுப்புறத்தை அடைத்துவிட்டார்கள். அதனுடன் அசினெல்லி ஏற்றமும் நின்றது. பழைய வழிகாட்டிகளை நம்பி அதற்கென்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடாதீர்கள். உயரத்திலிருந்து ஊரின் செந்நிறக் கூரைகளைப் பார்க்க, சதுக்கத்தில் உள்ள அக்கூர்சியோ அரண்மனையின் மணிக்கூண்டு இருக்கிறது. நேரம் குறித்த சீட்டு என்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாலையில் மீண்டும் திறக்கும் சாந்தோ ஸ்தெஃபானோவுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த பழைய தேவாலயங்களின் தொகுதி அது. எருசலேமின் புனிதக் கல்லறையை நினைவூட்டும் வட்டக் கோயில், செங்கல்லும் கல்லும் கோலம் போட்டதுபோல் இழைந்த முற்றத்துச் சுவர், அமைதியான இரட்டை மாடத் தாழ்வாரம் என்று ஒவ்வொரு கதவும் அடுத்த நூற்றாண்டுக்குத் திறக்கும். சற்றுத் தெற்கே உள்ள சான் டொமெனிக்கோ தேவாலயத்தில், புனித டொமினிக்கின் கல்லறையின் மேல் மைக்கேலாஞ்சலோ இருபது வயதுக்கு முன்பே செதுக்கிய சிறு உருவங்கள் உள்ளன. வலப்பக்கம் மெழுகுவர்த்தித் தாங்கியைப் பிடித்து மண்டியிட்டிருக்கும் தேவதை அவற்றில் ஒன்று.

இரண்டாம் நாள் பிற்பகலுக்குச் சான் லூக்கா. போர்த்தா சரகொட்ஸா என்னும் பழைய நகர வாயிலிலிருந்து குன்றின் உச்சியில் உள்ள தேவாலயம் வரை 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், வழி முழுவதும் கூரை. மே மாதத்தில் மாதாவின் படத்தை ஊருக்குள் எடுத்துவரும் ஊர்வலம் மழையில் நனையக்கூடாது என்று 1674-இல் தொடங்கிக் கட்டிய தாழ்வாரம் இது. மெலொன்செல்லோ வளைவு வரை சமதளம், அதற்குப் பிறகு படிகளும் ஏற்றமும்தான். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூட்டு வலி உள்ளவர்கள் பெரிய சதுக்கத்திலிருந்து கிளம்பும் சிறிய சுற்றுலா வண்டியில் மேலே போய், இறங்கும்போது மட்டும் நடக்கலாம். தண்ணீர் பாட்டிலை ஊருக்குள் உள்ள பொதுக் குழாயில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

இரவும், சில நடைமுறைகளும்

ஆறு மணிக்கு மேல் அபெரிதீவோ நேரம். ஒரு குவளைப் பானத்தோடு ஆலிவ், சிறு ரொட்டித் துண்டுகள் போன்றவற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். மது அருந்தாதவர்களுக்குக் கசப்பும் இனிப்புமான மதுவில்லாப் பானங்களும் உண்டு. இதிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் எட்டு மணி மேசை வீணாகும். இரவு உணவுக்குப் பிறகு ஜெலாத்தோ என்னும் இத்தாலிய ஐஸ்கிரீம் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பிஸ்தா மங்கிய பச்சையிலும் வாழைப்பழம் சாம்பல் கலந்த வெண்மையிலும் இருக்க வேண்டும்; பளிச்சென்ற நிறத்தில் மலைபோல் குவித்து வைத்திருக்கும் கடையைவிட, மூடியிட்ட உலோகக் குடுவைகளிலிருந்து எடுத்துத் தரும் கடை நம்பகமானது. கோடையில் போகிறவர்களுக்கு ஒரு பெரிய பரிசும் உண்டு: ஜூன் மாதம் தொடங்கிப் பல வாரங்களுக்குப் பியாட்ஸா மஜ்ஜோரேயில் மாபெரும் திரையைக் கட்டி, ஊரின் திரைப்படக் காப்பகம் இரவுதோறும் பழைய படங்களைக் கட்டணமின்றித் திரையிடுகிறது. நாற்காலி கிடைக்க வேண்டுமென்றால் அன்று இரவு உணவை ஏழரைக்கே தொடங்கிவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழெட்டு நிமிடத்தில் மத்திய ரயில் நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து பெரிய சதுக்கம் தாழ்வாரத்தின் கீழேயே இருபது நிமிட நடை. நிலையத்தின் வெளிச்சுவரில் 10.25-இல் நின்றுவிட்ட ஒரு கடிகாரம் இருக்கும். 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் வெடித்த குண்டில் 85 பேர் இறந்த நேரம் அது. ஒரு கணம் நின்றுவிட்டுப் போங்கள். வாடகைக் காரில் வருகிறவர்கள் மையப் பகுதிக்குள் நுழைந்துவிடக்கூடாது: அனுமதியில்லா வண்டிகளைக் கேமராக்கள் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். உணவகங்களில் சில ஞாயிறு இரவிலும் திங்களிலும் விடுமுறை எடுக்கும். ஆகவே செவ்வாய் முதல் சனி வரையிலான நாள்களே இந்த ஊருக்கு வசதியானவை. ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஊராரே கடற்கரைக்குப் போய்விடுவதால் குடும்பமாக நடத்தும் சிறிய உணவகங்கள் இரண்டு மூன்று வாரங்கள் கதவடைத்துவிடும். வசந்தகாலத்தில் குழந்தைகள் புத்தகக் கண்காட்சி, அழகுப்பொருள் கண்காட்சி போன்ற பெரிய வணிகக் கூட்டங்கள் நடக்கும் நாள்களில் விடுதி வாடகை பல மடங்கு ஏறும், நல்ல மேசைகளும் கிடைக்காது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு நகர வரியும் உண்டு. அறை வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம்.

ஊருக்குக் கொண்டுபோகப் பார்மிஜானோ வாங்குவதென்றால், கடைசி நாள் காலையில் குவாட்ரிலாத்தெரோவில் எத்தனை மாதம் முதிர்ந்தது என்று கேட்டு, 24 மாதத்ததையும் 36 மாதத்ததையும் சுவைத்துப் பார்த்து, காற்றை உறிஞ்சி அடைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள். இறைச்சிப் பொருள்களைப் பல நாடுகளின் சுங்கம் அனுமதிப்பதில்லை என்பதால், மொர்தடெல்லாவை அங்கேயே, சூடான ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுவதே நல்லது.